செருகாத மைக்

மைக்கின் வயர் இன்னும் அவள் மடியில்தான் கிடந்தது. ஆனால் கணினித் திரையில் பச்சைக் கோடு துள்ளியது.

மூன்று முறை. சற்று ஓய்ந்து, மறுபடி மூன்று முறை.

சிவசங்கரி வயரின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். எதிலும் செருகவில்லை. போனை இடது காதில் வைத்து மதிவாணனைக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இந்தப் பழைய சவுண்டு கார்டைத் தன் கடைப் பரணிலிருந்து தேடிக் கொடுத்தவன்.

“ஜம்பர ஏழாம் நம்பர்ல மாத்திப் போட்டேன், கார்ட எடுத்துகிச்சு தம்பி. ஆனா மைக்கே சொருவல, கோடு ஆடுது.”

“எர்த்து சரியில்லன்னா ஆடும்க்கா. எடுத்துகிச்சே, அதப் பாருங்க. தொடாம அப்பிடியே வேலய முடிங்க. திரும்ப ஆஃப் பண்ணுனா எடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

காலையிலிருந்து மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியும். கார்டின் மேலிருந்த ஜம்பரை, அந்தக் கடுகளவுக் கறுப்புத் தொப்பியை, இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கி இடம் மாற்றியதில் விரல்நுனி எரிந்தது. பத்துத் தடவை ‘கார்டு இல்லை’ என்றது கணினி. பதினோராவது தடவை எடுத்துக்கொண்டது.

எடுத்தே ஆக வேண்டும். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களை மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நல்லது மணிபோல் நீளும். விரிசல் விழுந்தது ‘டப்’பென்று செத்துப்போகும். பத்தொன்பது வருடமாகக் காதால் பிரித்தவளுக்கு, இரண்டு வருடமாக வலது காது கேட்கவில்லை. சித்திரையிலிருந்து இடதும் மங்கிவருகிறது. மகள் யுவஸ்ரீயிடம்கூடச் சொல்லவில்லை. போன மாதம் விரிசல் விழுந்த இரண்டு அவள் கை தாண்டிப் போய்விட்டன.

“இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா,” என்றார் மேனேஜர் ஆனந்தராஜ்.

அதன் பிறகுதான் ஸ்டோரில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த இந்தக் கணினி ஞாபகம் வந்தது. அவள் சேர்வதற்கு முன்பு, தட்டும் ஓசையை இதற்குக் கேட்க வைத்துத்தான் பாஸா ரிஜெக்ட்டா என்று பிரித்தார்களாம். ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சூளை அணைந்து, ஆளில்லாத கொட்டகையில் காய்ந்த களிமண்ணின் வாடையும், பல வருடத் தூசி சூடேறும் வாடையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் படிய, பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் புகுந்த வெயில் பன்னிரண்டு வரிசை அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைத் துண்டாய் விழுந்து கிடந்தது. அவள் மேசை கடைசிச் சுவரோரம்.

மைக்கைச் செருகினாள். ஹெட்போனை மாட்டினாள். ஒரு இன்சுலேட்டரைத் தட்டினாள்.

கோடு எழுந்து நீண்டு அடங்கியது. திரையில் ‘பாஸ்’.

அந்த மணியோசை வலது காதில் கேட்டது. செத்த காதில்! தெளிவாக, ஈரமாக, புதிதாக. இன்னொன்று தட்டினாள். இன்னொன்று. கண்ணீர் வழிய இருபது தட்டியிருப்பாள்.

இருபத்தொன்றாவதைக் கையில் எடுத்தபோது, அவள் தட்டாமலே மூன்று தட்டல் கேட்டது.

ஷட்டர் பக்கமிருந்து. தூரத்தில்.

ஹெட்போனைக் கழற்றினாள். ஒன்றுமில்லை. மாட்டினாள். மூன்று தட்டல். வேலை தெரிந்த கை; அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, மணி முழுதும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டும் கை. முதல் வரிசை அடுக்கில் ஒரு இன்சுலேட்டர் மெல்ல நடுங்கி நின்றது. அதிலிருந்து தூசி நூலாக இறங்கியது. பிறகு பக்கத்தில் இருந்தது நடுங்கியது.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் மறுபடி எடுக்குமா?

கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிசை. ஐந்தாவது. வெளியே போகும் வழியும் அதே வழிதான். ஹெட்போனைக் கழற்றவும் பயம். கழற்றினால் அது எங்கே வருகிறதென்று தெரியாது. எட்டாவது வரிசை. வெயிலில் நிழல் ஏதும் விழவில்லை. காலடி இல்லை. தட்டல் மட்டும்.

பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வலது நெற்றிப்பொட்டில் ஏதோ பட்டது. குளிர்ந்து. லேசாக. மூன்று முறை.

டப். டப். டப்.

கண்ணைத் திறந்தாள். திரையில் ‘ரிஜெக்ட்’.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேண்டாமென்று அவளை விட்டுவிட்டது! தட்டல் இல்லை. மேசைமேல் போன் அதிர்ந்தது. யுவஸ்ரீ. ஹெட்போனை இடப்பக்கம் மட்டும் தள்ளி, போனை இடது காதில் வைத்தாள்.

“அம்மா, சோறு கொண்டாந்திருக்கேன். கேட்டாண்ட நிக்கறேன்.”

“வராத! வூட்டுக்குப் போ!”

“என்னாம்மா? சிக்னல் வுட்டு வுட்டு கேக்குது. இரு, உள்ள வரேன்.”

வலது காதில் தட்டல் தொடங்கியது. திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்று. பத்து. இந்த முறை காத்திருக்கவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு.

ஷட்டர் உயர்ந்தது. வெயிலில் மகள்.

“யுவா! ஓடு!”

சிவசங்கரி வயர்களை அள்ளிப் பிடுங்கினாள். திரை இருண்டது. ஹெட்போனை வீசி எறிந்தாள். நடுவழியில் ஓடினாள்.

யுவஸ்ரீ நெற்றிப்பொட்டில் கைவைத்துப் பக்கவாட்டில் பார்த்தாள், யாரோ தொட்டதுபோல.

மணி.

எதுவும் மாட்டாத வலது காதில். பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்டிராத மணி. அப்பழுக்கில்லாத, விரிசலே இல்லாத, நீண்டுகொண்டே போகும் மணி.

“யுவா?”

மகள் திரும்பவில்லை. கன்னத்தைத் தொட்டாள் சிவசங்கரி. வழவழப்பு. சூளையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் சூடு. இமைக்காத கண்களின்மேல் வெயில், கண்ணாடியில் பட்டதுபோல் வழுக்கி விழுந்தது. பாதி திறந்த வாய்க்குள் நாக்கு, பல், எல்லாம் ஒரே பீங்கான் வெள்ளை.

மணி இன்னும் அடங்கவில்லை.