கடைசிக் கதவுக்கு அப்பால்

துப்பறியும் கமலக்கண்ணனிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, வேறு சகவாசம் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் திருப்பதியில் அவருக்குச் சோறு போடும் தொழில். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அலைந்த மனிதருக்குத் தன் கல்யாணத்துக்கு நேரம் வாய்க்கவில்லை. மாலையில் உதவியாளர் ரமணா பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் இவர் ஏதாவது ஒரு பழைய ஃபைலைக் கேட்டு ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பார். காரணத்தை வெளியே சொன்னதில்லை.

அன்று மதியம் ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்ணின் காலில் புத்தூர்க் கட்டு. கையில் கனமான ஒரு புத்தகம்.

“எம் பேரு நந்திதா, சார். சித்தூரு. இங்க ஹாஸ்டல்ல கீறேன். எங்க சமையல்கார அம்மா செங்கம்மாவ வார்டன் வேலைய விட்டுத் தொரத்தறாங்க. இந்தப் புக்குல கடைசிப் பக்கத்தையெல்லாம் கிழிச்சி, வடைக்கு எண்ணெய் வடிய வெச்சிட்டாங்களாம். சாயந்திரத்துக்குள்ள மூட்டை கட்டணுமாம்.” அவள் புத்தகத்தை நீட்டினாள். “அவங்க அப்படி செய்யமாட்டாங்க சார். கால் உடைஞ்சதுலருந்து என்னைப் பாத்துக்கினதே அவங்கதான்.”

கமலக்கண்ணன் புத்தகத்தை வாங்கினார். ‘ஏட்டூர்’ என்று பெயர். வீடுகளெல்லாம் புத்தகங்களாக இருக்கும் ஒரு மாய ஊரில், தொலைந்த தம்பியைத் தேடிப் போகும் தாரிணி என்ற பெண்ணின் கதை. வார்டன் துர்காதேவி கண்ணாடி அலமாரியில் வைத்துப் பெருமைப்படும் புத்தகமாம்; கேட்கும் பெண்களுக்குப் படிக்கத் தருவாராம்.

“நீ முழுசா படிச்சிட்டியா?”

“எங்க சார்? வீட்ல பேசறது தமிழு, படிச்சது தெலுகு மீடியம். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ரூம்மேட் கௌசிகா தான் தினம் படிச்சிக் காட்றா. நகரிப் பொண்ணு, ஸ்ரீசிட்டில கம்பெனி வேலை. பஸ்ஸ விட்டு எறங்கி மூஞ்சி கழுவனதும் புக்கத் தூக்கினு வந்துடுவா. அவ இல்லன்னா செவுத்தப் பாத்துக்கினே எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்.”

“பக்கம் போன விஷயம் அவளுக்குத் தெரியுமா?”

“அவ காலைல பஸ் ஏறனப்புறம்தான் வார்டன் பாத்துட்டுக் கத்தனாங்க. ட்யூட்டில போன் வெச்சிக்க விடமாட்டாங்க சார்.”

கமலக்கண்ணன் மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தைப் படித்தார். “தாரிணி கடைசிக் கதவு முன்னால நிக்கிறா. நீயும் அங்கதான் நிக்கிறியா?”

“அந்தக் கதவா? அதத் தாண்டி எவ்ளோ நாளாச்சி! உள்ள பெரிய தறி கீது சார். ஊரையே அதுலதான் நெய்யறாங்க. பாவுல ஒரு இழை அறுந்தா எங்கியோ ஒரு புக்குலருந்து ஒரு எழுத்து உதிர்ந்துடும். தாரிணி இழைய முடிஞ்சிக்கினே கீறா. முடிச்சு பெரிசா போட்டா தறியில மாட்டிக்கும்னு நேத்துகூடத் திட்டு வாங்கனா.”

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கமலக்கண்ணன் அட்டையை விரித்துத் தையலைப் பார்த்தார். நூல் இறுக்கமாகத்தான் இருந்தது. அட்டைக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான்.

“வார்டன் மேலதான் எனக்கு டவுட்டு சார்,” என்றார் ரமணா. அவருக்கு முதலில் கண்ணில் படுகிறவர் மேல் எப்போதும் டவுட்டு.

மாலையில் ஹாஸ்டல் கூடத்தில் செங்கம்மா துணிப்பையோடு நின்றாள். துர்காதேவி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்த கௌசிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எண்ணெய் வடிக்கக் கிழிக்கிறவங்க, கிழிச்ச இடத்தை மறுபடியும் தைக்கமாட்டாங்க மேடம்,” என்றார் கமலக்கண்ணன். “மத்த பக்கம் உதிரக் கூடாதுன்னு புது நூல் போட்டிருக்கு. இழையை முடிஞ்ச இடம் விரலுக்கே தட்டுப்படல. சாதாரணமா நாம போடற முடிச்சு துருத்திக்கினு நிக்கும். தறியில பழகின கைதான் இப்படிப் போடும்.”

“நகரி ஊர்ல வீட்டுக்கு வீடு தறி, பாதிப் பேருக்கு இது தெரியுமே சார்!” என்றார் ரமணா.

“சரிதான். அதனால அதை மட்டும் நம்பல. அட்டைக்கும் தாளுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாத்தா, போனது ரொம்பக் கொஞ்சம் பக்கம். ஆனா நந்திதா கதவைத் தாண்டி எத்தனையோ நாள் கதை கேட்டிருக்கா. அத்தனை கதை அந்தக் கொஞ்சத் தாளுக்குள்ள அடங்காது. தமிழ் படிக்கத் தெரியாத பொண்ணுகிட்ட, புத்தகத்தில் இல்லாததைப் புத்தகத்தைப் பார்த்துக்கினே யாரோ சொல்லியிருக்காங்க.”

கௌசிகா யாரும் கேட்பதற்கு முன்பே அறைக்குள் போய், தலையணை உறையிலிருந்து மடிப்புக் கலையாத தாள்களைக் கொண்டுவந்து கமலக்கண்ணனிடம் கொடுத்தாள். பிறகு செங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க தலைல விழும்னு சத்தியமா தெரியாதும்மா. கதை முடிஞ்சிட்டா, இவளுக்கு நான் எதுக்கு? கட்டப் பிரிச்சதும் சித்தூர் போயிடுவா. அப்பறம் நான் யார்கிட்ட பேசறது? கம்பெனில மிஷினு சத்தம். நைனாவுக்கு போன் போட்டா அங்க தறி சத்தம். ‘இன்னா, இன்னா’ன்னு கேட்டுட்டு வெச்சிடறாரு. ஒரு நாள்ல நான் பேசறது இந்தப் புக்கத் தொறந்தாதான்.”

துர்காதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  “செங்கம்மா, பையை உள்ள வை. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு,” என்றார்.

நந்திதா கட்டுப் போட்ட காலை நகர்த்தித் தன் பக்கத்தில் இடம் விட்டாள். “புக்குல இன்னா முடிவோ, அது எனக்கு வேணாம். அந்தத் தறி இன்னாச்சி? நான் ஊருக்குப் போனாலும் போன்ல சொல்லு. எங்க வீட்ல தறி ஓடல, நல்லா கேக்கும்.”

கௌசிகா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் ரமணா வண்டிச் சாவியை எடுத்தார். வாசல்வரை போனவர் நின்றார். “சார், அந்தத் தாளு உங்க கைலதானே இருந்திச்சி. படிச்சீங்களா? கடைசில தாரிணி இன்னா ஆனா?”

கமலக்கண்ணன் படித்திருந்தார். தாரிணி கதவைத் திறந்தாள், தம்பியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மேஜைமேல் மத்தியானம் வாங்கிய ஒற்றைச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

“அது பெரிய கதை ரமணா. உட்காரு, டீ சொல்றேன்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அந்தத் தாள்களில் எங்குமே இல்லாத ஓர் ஆற்றங்கரையிலிருந்து கதையை ஆரம்பித்தார்.