பதினைந்தாவது நிமிடம்

"முப்பத்தெட்டா?!"

ஸ்கேன் அறையிலிருந்து வந்த அலறலில் வராந்தா நர்ஸின் பேனா கீழே விழுந்தது.

அலறியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மருத்துவமனையின் பெரிய டாக்டர். கதவில் 'இதய வேந்தர்' என்று தனக்குத்தானே பலகை மாட்டிக்கொண்டவர். நாளை டைரக்டர் நாற்காலி. அதற்கு முன் ஒரே ஒரு சடங்கு... வேந்தரின் இதயத்துக்குத் தகுதிச் சான்றிதழ்!

அவரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஊசி போட்டு, கேமராவுக்கு அடியில் படுக்க வைத்திருந்தாள் டெக்னீஷியன்.

"ஆமா சார். இதயம் பம்ப் பண்ற லட்சணம், நூத்துக்கு முப்பத்தெட்டு. அம்பதாவது வேணும்."

"எப்ப எடுத்தே?"

"ஓடி முடிச்சு கால் மணியில. விதிப்படி."

"அறிவிருக்கா? ஓடின களைப்புல இதயம் அசந்து கிடக்கும்! ஒரு மணி நேரம் விட்டு எடு, தன்னால ஏறும்!"

"எல்லா இதயமுமா சார்? இல்ல, அடைப்பு இருக்கறது மட்டுமா?"

"எடுன்னா எடு!"

அவள் சிரித்தாள். மூன்று வருடமாக இந்த வாய் இதைச் சொல்லத்தான் காத்திருந்தாள்.

அன்று இதே மேஜையில் அவள் தம்பி. 'நான் வந்துதான் கேமரா ஓடணும்' என்று உத்தரவிட்டுவிட்டு, பெரிய டாக்டர் தன் பாராட்டு விழாவுக்குப் போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஸ்கேன். ஐம்பத்தெட்டு! 'இரும்பு இதயம்டா, வீட்டுக்குப் போ!'

மூன்றாம் நாள் தம்பி பிணம்.

ரெஜிஸ்டரில் ஒன்றரை மணி நேரம், கால் மணி நேரமாக மாறியது. விசாரணையில் வேந்தர் அடித்துச் சொன்னார்: 'எப்ப எடுத்தாலும் நம்பர் ஒண்ணுதான்!'

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேமரா சுற்றியது.

ஐம்பத்தாறு!

"பாத்தியா! இதை எழுது. பழசைக் கிழிச்சுப் போடு."

"நேரம் சார்?"

"கால் மணின்னே போடு. முன்ன ஒருத்தனுக்கு அப்படித்தான் போட்டேன். எவன் கண்டுபிடிச்சான்?"

"நான்தான்!" என்றது சுவர் ஸ்பீக்கர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்... அவள் வரவழைத்திருந்த, அந்தப் பழைய வழக்கின் விசாரணை அதிகாரி!

"அந்த ஒருத்தன் இவங்க தம்பி, டாக்டர். இவங்க மைக்கை அணைக்க மறந்துட்டாங்க போல."

டாக்டர் துள்ளி எழுந்தார். "பழி வாங்குறா! அந்த முப்பத்தெட்டு பொய்!"

"பொய்யா?" அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "சரி சார். இரும்பு இதயம். வீட்டுக்குப் போங்க... என் தம்பி மாதிரி."

வாசல்வரை போன கால் நின்றது. நெற்றியில் வியர்வை. கை தானாக மார்புக்குப் போனது.

"ஐயோ... முப்பத்தெட்டுதான் நிஜம்! நேரம் தள்ளினா நம்பர் ஏமாத்தும்! என்னை அட்மிட் பண்ணும்மா!"

"பண்றேன். இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்து போடுங்க. நேரத்தோட!"

போட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளியபடி அவள் குனிந்தாள்.

"பயப்படாதீங்க சார்... பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்!"