ஆயில்யம் கழியும்வரை

செவ்வாயின் நிலத்தடிக் குடியிருப்பில் வளைகாப்புக்கு வளையல் கிடையாது. கர்ப்பிணியின் வயிற்றில் தணிகச்சை கட்டுவார்கள். ஈர்ப்பு குறைந்த அந்த மண்ணில் கருப்பை காலத்துக்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். கச்சையின் மின்முனைகள் அதை உணர்ந்து, மெல்லிய துடிப்புகளை அனுப்பித் தசையை ஓயவைக்கும்.

எட்டாம் மாதமே வலி கண்ட கயற்கண்ணிக்குப் பிள்ளையைக் காத்துக் கொடுத்தது அந்தக் கச்சைதான். அன்று அதை நன்றியோடு தடவிக்கொண்டாள். இன்று மாதம் நிறைந்துவிட்டது. முதுகிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வலியும் பாதியில் அணைந்தது. உள்ளே மகள் கதவைத் தட்டுகிறாள். வெளியே யாரோ தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னும் ஏன் கச்சையைக் கழட்டல?"

"ஆயில்யம் ஓடுதும்மா" என்றார் மாமியார் கோமதி. "பொம்பளப் புள்ள. ஆயில்யத்துல பொறந்தா மாமியாருக்கு ஆகாதும்பாங்க. நாளைக்கு எவன் கட்டுவான்? சாயங்காலம் மகம் வந்துரும். மகம் ஜகத்தை ஆளும்."

"நட்சத்திரம் பாக்குற அந்த நிலா பூமியையில்ல அத்தை சுத்துது! நாம எங்க இருக்கோம்?"

"பஞ்சாங்கத்துக்கு ஏது தூரம்?"

கச்சையை நிறுத்தும் அனுமதி கணவன் திருமாறனின் கைரேகைக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவ எந்திரத்துக்கும்தான் உண்டு. அவன் தலைகுனிந்து நின்றான். "கொஞ்ச நேரம்தானே, கயல்…"

"உங்க வயித்துல கட்டிப் பாருங்க."

தன் உடம்பைப் பற்றிய பேச்சில் தன்னை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பது வலியைவிட எரிந்தது. திரையில் குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்தது. அவள் மருத்துவ எந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு நாளும் கிடையாது, கோளும் கிடையாது. துடிப்பு குறையுதுல்ல? நிறுத்து!"

"இயலாது" என்றது எந்திரம் கனிவாக. "பூமியின் பிரசவப் பதிவுகளைப் படித்துக் கற்றவள் நான். படித்த மருத்துவர்களே நல்ல நேரம் கேட்டுத்தான் கத்தியை எடுத்திருக்கிறார்கள். பதிவுகளில் காரணம் எழுதவில்லை. இத்தனை பேர் பின்பற்றியது மருத்துவ விதியாகத்தானே இருக்க வேண்டும்?"

கயற்கண்ணி கச்சையைப் பிய்த்து எறிந்தாள். மின்முனைகளோடு தோலும் உரிந்தது. அடக்கிவைத்த வலியெல்லாம் ஒன்றாய்த் திரண்டு வந்தது. மகள் ஆயில்யத்திலேயே பிறந்து, நீலம் பாரித்துக் கிடந்து, பிறகு வீறிட்டு அழுதாள்.

எந்திரம் குழந்தையைத் துடைத்தபடி கேட்டது: "பிறந்த நேரத்தைச் சற்றுத் தள்ளி, மகம் என்றே பதியட்டுமா? பூமியில் அந்த வழக்கமும் உண்டு."

கோமதியின் முகம் மலர்ந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"