முணுமுணுப்பை விலைக்கு வாங்கியவர்கள்

"உள்ள எடம் கெடக்கு, முன்ன போங்க!" என்று கத்தினார் நடத்துநர். பேட்டைக்குப் போகும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கோமதிநாயகம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள், 'எடம் கெடக்குங்காரு. தோல உரிச்சு அடுக்குனா கெடக்கும்' என்று அவர் விழுங்கிய சொற்களைப் படித்து ஊரே சிரித்தது.

அவர் தொண்டையில் ஒட்டியிருந்த முணுப்பொறியின் வேலை அது. சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத் தொண்டை நரம்பிலிருந்து எடுத்து வலைப்பதிவில் ஏற்றிவிடும். நடித்து வரவழைத்த எரிச்சலை எடுக்காது. இயந்திரங்கள் எழுதிய பதிவுகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு இந்தப் பொய்யற்ற எரிச்சல் அமுதமாக இருந்தது. பாளையங்கோட்டையில் கைப்பேசிக் கடை வைத்திருந்த ஜாஸ்மின், நல்ல முணுமுணுப்பாளர்களைத் தேடிச் சேர்த்து 'முணுவலை' என்ற பதிவுக் கூட்டமைப்பைத் தொடங்கினாள். ஓட்டல் சட்னிக்கு ஒருவர், மாமியாருக்கு ஒருவர், பேருந்துக்குக் கோமதிநாயகம். அவருடைய 'படிக்கட்டுப் பயணி'தான் முதலிடம். காப்பீட்டு அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்காத அவரைத் தெருவில் நிறுத்திக் கைகுலுக்கினார்கள்.

முணுவலையைப் பெருவெளி நிறுவனம் வாங்கியது. ஒப்பந்தப்படி, பதிவின் பெயரும் வாசகர்களும் இனி நிறுவனத்துக்கே சொந்தம். முணுமுணுப்பு நின்றுபோனால் பதிவு வேறொருவருக்குப் போகும். எல்லோரும் படிக்காமல் கையெழுத்திட்டார்கள்.

கிடைத்த பங்கில் கோமதிநாயகம் குளிரூட்டிய கார் வாங்கினார். சட்னிக்காரர் சமையலுக்கு ஆள் வைத்தார். மாமியாரைப் பற்றி முணுமுணுத்தவர் தனிக்குடித்தனம் போனார். முணுவலை அமைதியில் ஆழ்ந்தது.

இப்போது நிறுவனத்தின் மேலாளராகிவிட்ட ஜாஸ்மின் பதறிப்போய் அழைத்தாள். "அண்ணாச்சி, மொதல்ல காரை வித்திருங்க."

"வித்துட்டேன் தாயி. பஸ்ஸுல ஏறுனா எந்திரிச்சு எடம் குடுக்கானுவ. ஜன்னலோர சீட்டு. காத்து நல்லா வருது."

"காத்து வந்தா நாம எப்படிப் பொழைக்க? பதிவை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுதாங்க அண்ணாச்சி!"

கோமதிநாயகத்துக்குப் பயம் வந்தது. பயத்தை முணுப்பொறி எடுக்கவில்லை. அது எரிச்சலை மட்டுமே அறியும்.

நிறுவனம் 'குறை வழங்கு துறை' ஒன்றை அமைத்தது. மறுநாள் பேருந்தில் ஓர் இளைஞன் அவர் காலை மிதித்தான்.

"கம்பெனி ஆளா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"மிதிச்சிட்டு மொகத்தப் பாக்கியே. பஸ்ஸுல மிதிக்கவன் திரும்பிப் பாப்பானா? சரி, நல்லா அழுத்தி மிதி. எனக்கும் எரிச்சல் வந்தாத்தான் ஆவும்."

இளைஞன் இசக்கிமுத்து அழுத்தினான். அவருக்கு வலித்தது. கூடவே அவன் மீது இரக்கமும் வந்தது. முணுமுணுப்பு வரவில்லை.

ஆனால் நிறுவன விதிப்படி இசக்கிமுத்துவும் முணுப்பொறி அணிந்திருந்தான். 'எம்.இ. முடிச்சவனுக்குக் கால மிதிக்குத வேலை. வீட்டுல கள ஆய்வுன்னு சொல்லி வச்சிருக்கேன். இதுல மிதி வாங்குதவரு ஊக்கம் வேற குடுக்காரு.'

இதைப் படித்து நாடே சிரித்தது. மாலையில் 'படிக்கட்டுப் பயணி' இசக்கிமுத்துவின் பதிவாகிவிட்டது.

"அவன் எடம் காலியாத்தான் இருக்கு. மிதிக்குத வேலை. வாரியளா அண்ணாச்சி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் ஜாஸ்மின்.

பதிவின் பக்கத்திலாவது இருக்கலாமே என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் பேருந்தில் இசக்கிமுத்துவைச் சுற்றிக் கைகுலுக்கக் கூட்டம். கோமதிநாயகம் எம்பி எம்பிப் பார்த்தார். அவன் கால் கண்ணுக்கே தெரியவில்லை. 'எம் பேர வச்சிக்கிட்டு நிக்கான். மிதிக்கவும் வரிசையில நிக்கணும் போல.'

தொண்டை அதிர்ந்தது. பேருந்து முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தது. ஜாஸ்மின் உடனே அழைத்தாள். "முணுமுணுப்பு வந்துட்டு அண்ணாச்சி! பதிவு மறுபடியும் ஒங்களுக்குத்தான்!"

கோமதிநாயகம் மகிழ்ச்சியில் கண்ணை மூடினார். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவர் அறிந்ததில்லை. தொண்டையில் முணுமுணுப்பு மெல்ல அடங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசக்கிமுத்து அருகில் வந்தான்.

"கால நீட்டுங்க அண்ணாச்சி. இப்பவே ஆரம்பிச்சிருவோம்."