எழுத்தில்லாத ரிவால்வர்

கைபேசி அலறியது!

கிருஷாந்த் கையை நீட்டினான்.

"தொட்டே... விரல் இருக்காது!" என்றார் ஜுரு போஸ்.

ஜுரு என்ற ஊரில் பழைய கார் விற்பவர். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீடு. ஜன்னலில் இரும்புக் கம்பி. பூட்டிய கதவின் சாவி போஸின் சட்டைப் பையில். மேசை மேல் ஒரு ரிவால்வர்... பக்கத்தில் பிஸ்கட் டின் நிறைய விதவிதமான தோட்டாக்கள்!

கைபேசி ஓய்ந்தது.

"மாக் மண்டின் லேத் பட்டறையில அளவெடுக்கறதுல நீதான் கெட்டிக்காரனாம். இதுல பேரு இல்ல, நம்பர் இல்ல. எந்தக் குண்டு போகும்னு சொல்லு. ஆறு மணிக்கு ஒருத்தன முடிக்கணும்."

"சரியா சொன்னா விட்டுடுவீங்களாண்ணே?"

"சரியான்னு எப்படிலா தெரியும்? உன் மேல சுட்டுப் பார்த்துதான்!"

சரியாகச் சொன்னால் சாவு. தப்பாகச் சொன்னாலும் சாவு!

கிருஷாந்த் வெர்னியர் அளவுகோலை எடுத்தான். அளந்தான். தன் மேலேயே சந்தேகம் வந்து மறுபடி அளந்தான். குழாய்க்குள் டார்ச் அடித்தான்.

மறுமுனைக்கு வெளிச்சம் வரவில்லை!

குழாய் பாதியில் அடைபட்டிருந்தது. மேலே புகை போக ஒரு சின்னத் துளை.

இது சத்தம் மட்டும் போடும் நகல்!

சொல்லலாமா? சொன்னால் இனி அவன் தேவையில்லை. தேவையில்லாத ஆளை போஸ் உயிரோடு அனுப்புவாரா?

மீண்டும் கைபேசி.

"அக்காண்ணே. எடுக்கலேன்னா தேடிக்கிட்டு பட்டறைக்கே வந்துடும்."

"ஸ்பீக்கர்ல போடு. ஒரு வார்த்தை கூடுச்சு... தொலைஞ்சே!"

"டேய், எங்கடா இருக்க?" என்றாள் தர்மினி. "மோட்டார் சைக்கிள எடுத்துட்டு வரேன்னியே!"

"வேலை முடியலக்கா. ரவை வாங்கி வெச்சிடு... ஆறு பாக்கெட். எனக்காகக் காத்திருக்காம நீயே துவக்கு."

தர்மினி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள்.

"ரவை... துவக்கு... சரிடா தம்பி."

துண்டித்தாள்.

"உப்புமா குடும்பம்!" போஸ் சிரித்தார்.

கிருஷாந்த் டின்னைக் கவிழ்த்தான். ஒவ்வொரு தோட்டாவாக அளந்தான். குறித்தான். அடித்தான். மறுபடி குறித்தான்.

அரை மணி நேரம்!

"ஒரு குண்டுக்கு எத்தனை வாட்டிலா அளப்பே?"

"தப்பாயிடக் கூடாதுல்லண்ணே..."

கடைசியில் ஒன்றை நீட்டினான். முனை மடிந்த பித்தளைத் தோட்டா; உள்ளே வெடிமருந்து மட்டும்.

"இதோட மூக்கு எங்கடா?"

"இது இப்படித்தாண்ணே. இந்தத் துப்பாக்கிக்கு இது ஒண்ணுதான் சரி."

போஸ் போட்டுப் பார்த்தார். கச்சிதம்!

"பரவால்ல. போய் உப்புமா சாப்பிட... ரவை... துவக்கு..."

சட்டென்று நிறுத்தினார். முகம் இருண்டது.

"துவக்கு! எங்கப்பா துப்பாக்கிய அப்படித்தான் சொல்வாரு. ரவைன்னா குண்டு!"

கிருஷாந்த் பின்னால் நகர்ந்தான்.

"அண்ணே... நீங்க..?"

"நானும் யாழ்ப்பாணத்து வீடுதான்டா! விநாசித்தம்பி மகன் வினோதன்! போலீஸ் வரட்டும்... நீ இருக்க மாட்டே!"

கதவுக்கும் சுவருக்கும் நடுவே கிருஷாந்த். போஸ் ரிவால்வரை நீட்டினார். ஒதுங்க இடமில்லை.

சரியாகத்தான் அளந்தேனா? அடைப்பு முழு அடைப்புதானா?

கண்களை இறுக மூடினான்.

டுமீல்!

"ஐயோ!"

கத்தியது கிருஷாந்த் இல்லை!

மேல் துளையிலிருந்து பாய்ந்த நெருப்பும் புகையும் குனிந்து குறி பார்த்த போஸின் முகத்தில் அடித்திருந்தன. ரிவால்வர் கீழே விழுந்தது.

மறு நிமிடம் கதவு பெயர்ந்தது. இன்ஸ்பெக்டர் துளசி, பின்னால் நான்கு போலீஸ்காரர்கள்.

"இவரோட அக்கா, இவரு ஃபோன் இருக்கற லொகேஷன காட்டினாங்க," என்றாள் துளசி, போஸுக்கு விலங்கை மாட்டியபடி. "ஆனா நாப்பது வீடு. எந்தக் கதவுன்னு தெரியாம கீழயே முழிச்சிட்டு நின்னோம். நீங்களே வெடி போட்டுக் கூப்பிட்டீங்க... நன்றி, தெரிமா காசே!"

போஸ் கண்ணீர் வழிய கிருஷாந்தைத் தேடினார்.

"ஏமாத்திட்டியேடா! தப்பான குண்டக் குடுத்து..."

"குண்டு சரிதாண்ணே!" கிருஷாந்த் வெர்னியரை மூடிப் பையில் போட்டான். "துப்பாக்கிதான் தப்பு!"