மீதி ஐந்து மணி நேரம்

"அரை மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. தினமும் உட்கார்ந்தாலும் மாசத்துக்கு இருபத்து நாலு யூனிட். நூறு, நூத்திப்பத்து ரூபா. நீங்களே பெருக்கிப் பாருங்க."

"பெருக்கியாச்சு. நூத்திப்பத்து எங்கே, கூட வந்திருக்கிற ஆயிரத்து முந்நூறு எங்கே? உன் கணக்கு சரின்னா தினமும் இன்னொரு அஞ்சு மணி நேரம் யாரோ உள்ளே உட்கார்ந்திருக்காங்க. யாரு அது, உங்கண்ணனா?"

"எங்கண்ணன் உட்கார்ந்தா அந்தச் சூட்டுப் பெட்டி தாங்காது" என்றாள் பாமா.

அவள் கணவன் அர்ஜுனன் சிரிக்கவில்லை. கரண்ட் பில்லை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "ஹெர்பர்ட்னு ஒருத்தர் சனிக்கிழமை பார்க்க வர்றார். நல்ல விலை சொல்றார். கொடுத்துடலாம்."

"அப்படியே என் காரையும் சேர்த்துக் கொடுத்துடுங்க. பெட்டி போனப்புறம் எந்தக் கையால நான் ஸ்டியரிங் பிடிக்கிறது?"

அவன் ஆபீசுக்குக் கிளம்பினான். மின்சாரம் எங்கே போகிறது என்று இன்றைக்கே கண்டுபிடித்துவிடுவது என்று பாமா முடிவு செய்தாள். நிரூபித்துவிட்டால் பெட்டி தங்கும். பெட்டி தங்கினால் கை தங்கும்.

வைட்ஃபீல்டில் புதிதாகக் கார் வாங்கிய ஐ.டி. பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். இரண்டு வருடம் முன்பு மூட்டுவாதம் வந்தது. விரல் வீங்கி, மோதிரத்தை நகைக்கடையில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு பள்ளம் நின்றுவிட்டது. காலையில் கண் விழித்தால் இரண்டு கைகளும் பறவைக் கால் போலச் சுருண்டு கிடக்கும். படுத்தபடியே அவற்றை அர்ஜுனன் பக்கம் நீட்டி, "என்னங்க, கொஞ்சம் விரலை நீட்டி விடுங்க" என்பாள். அவன் தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக நீட்டி விடுவான்.

பிறகுதான் அந்த இன்ஃப்ராரெட் சானா வந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பாதி விலைக்குத் தந்தது. பீரோ உயரத்தில் மரப்பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு பேர் உட்காரும் பலகை. ஆவியும் இல்லை, தண்ணீரும் இல்லை. சுவரில் பதித்த தகடுகளிலிருந்து சாயங்கால வெயிலைப் போல உலர்ந்த சூடு வந்து எலும்பைத் தொடும். நோயைத் தீர்க்காது, சில மணி நேரம் மூட்டைத் தளர்த்தும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்தச் சில மணி நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது, போன மாதம் ஆயுத பூஜை வரும்வரை.

பூஜையன்று காருக்கும் மிக்ஸிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், பெட்டிக்கும் வைத்தாள். எனக்குக் கை கொடுத்தது இதுதானே, இதுவும் சாப்பிடட்டும் என்று ஒரு தட்டில் பொரியும் கடலையும் வாழைப்பழமும் வைத்து, அதை உள்ளே பலகையின் வலது பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் திறந்தபோது தட்டு துடைத்த மாதிரி இருந்தது. அர்ஜுனன் தின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலை விரல்கள் தாமாகவே நீண்டிருந்தன. அன்றிலிருந்து வலியே இல்லை.

இன்னொன்றும் அன்றிலிருந்துதான். அவள் எப்போதும் இடது பக்கம் உட்காருவாள். எழுந்து பார்த்தால் வலது பக்கத்திலும் ஓர் ஈரத்தடம் இருக்கும். வியர்வை ஓடியிருக்கும் என்று துடைத்துவிடுவாள். நடுவில் இருந்த மரம் மட்டும் காய்ந்தே கிடக்கும்.

காலை வகுப்பை முடித்து வந்தவள், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். பிரிட்ஜ் உட்பட வீட்டிலிருந்த அத்தனையையும் அணைத்தாள். மூன்று மாடி இறங்கி, படிக்கட்டுக்குக் கீழே மீட்டர்கள் வரிசையாக இருந்த இடத்துக்குப் போனாள். பழைய பெயின்ட் வாசனையும் பூனை மூத்திர வாடையும் கலந்த அந்த அரையிருட்டில், பதினாறு கண்ணாடிகளுக்குப் பின்னால் பதினாறு சக்கரங்கள் தத்தம் வீட்டின் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும்விட வேகமாகச் சுற்றியது அவளுடையதுதான்.

யாரோ கம்பி போட்டுத் திருடுகிறார்கள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மணி இரண்டு. தினசரி மின்வெட்டு வந்தது. லிப்டின் முனகல் நின்றது, மோட்டார் நின்றது, மாடியெங்கும் யு.பி.எஸ்.கள் குருவிகளைப் போலக் கத்தி ஓய்ந்தன. சக்கரங்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. பதினைந்து சக்கரங்கள் நின்றன.

ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

பாமா அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி சுட்டது.

ஓடிப்போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கார் சாவி கையில்தான் இருந்தது. அதே சாவியை ஒரு காலத்தில் இரண்டு கையாலும் திருப்ப முடியாமல் ரோட்டோரம் அழுதது ஞாபகம் வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சூடான மரத்தின் வாசனை. அதனடியில் வறுத்த பொரியின் வாசனை. வீடு முழுக்க மௌனம். பெட்டி இருந்த சின்ன அறையிலிருந்து மட்டும், சூட்டில் மரம் விரியும் சத்தம். டக். கொஞ்ச நேரம் கழித்து, டக். பிளக் அவள் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. பெட்டிக்குள் மங்கிய சிவப்பு வெளிச்சம். ஒருநாளும் பனிக்காத கண்ணாடியில் உள்பக்கம் வெள்ளையாகப் பனித்திருந்தது, யாரோ வாயை அருகே வைத்து மூச்சு விட்டதைப் போல.

அந்த வெண்மையில் ஒரு கை பதிந்தது.

விரித்த கையல்ல. சுருண்ட கை. வீங்கிய முட்டிகள். மோதிர விரலில் பள்ளம்.

பாமா தன் கைகளைப் பார்த்தாள். பள்ளத்தைக் காணோம். எப்போது மறைந்தது? விரல்கள் நேராக இருந்தன, இருபது வயதில் இருந்ததைப் போல. ஏன் ஐந்து மணி நேரம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வலிக்கு அரை மணி நேரம் எப்படிப் போதும்?

போன் அடித்தது. அவள் துள்ளி விழுந்தாள்.

"பாமா, ஹெர்பர்ட் இன்னிக்கே வண்டி அனுப்புறாராம்" என்றான் அர்ஜுனன். "பார்க்கக்கூட வேணாமாம். நாலு மணிக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்க. சரின்னு சொல்லிடட்டா?"

சரி என்று ஒரு வார்த்தை. அது போய்விடும். வேறு யார் வீட்டிலோ போய் உட்காரும். கூடவே இந்த விரல்களும்?

கண்ணாடியில் அந்தக் கை மெல்ல வழுக்கி இறங்கியது.

பாமா போனைப் பிடிக்காத கையை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள். மூட்டில் சத்தமே இல்லை, வலியே இல்லை.

"வேண்டாம்" என்றாள். "பெட்டி எங்கயும் போகாது."

"பில்லு யாரு கட்டுறது?"

"நான் கட்டுறேன். நாலரைக்கு தர்ஷினிக்கு கிளாஸ் இருக்கு. வைங்க."

போனை அணைத்துவிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே யாரும் இல்லை. வலது பக்கம் பலகை மட்டும் ஈரமாகப் பளபளத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் பரவியது. உள்ளே போய் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

"இது என் பெட்டி" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உறுதியாக வந்தது. "என் காசு. என் கை. திருப்பித் தர மாட்டேன். இருக்கணும்னா நகர்ந்து உட்காரு."

டக்.

பலகை முனகியது. பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெளிச்சம் சிவந்தது. பொரி வாசனை. தோளில் இன்னொரு தோள். அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

மடியில் கனம்.

குனிந்தாள். இரண்டு கைகள். சுருண்டவை, வெந்தவை போலச் சிவந்தவை, மல்லாந்து அவள் நேரான விரல்களுக்கு நடுவே கிடந்தன. காத்திருந்தன.

காதருகே மூச்சு. பிறகு குரல். தூக்கம் கலையாத, வலியில் தேய்ந்த, அவளுடைய குரலேதான்:

"என்னங்க... கொஞ்சம் விரலை நீட்டி விடுங்க."