ஜன்னலில் ஒரு சிலேட்டு

வஹீதுக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். அம்மாவைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுடைய அக்கா குல்சுமையும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டில், குல்சுமுக்குத் தாழ்வாரத்து ஜன்னல்தான் மிச்சம். கம்பி வழியாக எட்டிப் பார்ப்பாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். கஞ்சி ஆறிக் கிடக்கும்.

“ஒரு வாய் குடிடா கண்ணு,” என்று அம்மா கெஞ்சினாள்.

“வேணாம். யாரும் பேசாதீங்க. தலை வலிக்குது.”

பேசத்தானே கூடாது? குல்சும் சிலேட்டை எடுத்தாள். பலப்பத்தால் எழுதி, ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள்.

‘போன வாரம் லஸ் முனையில் ட்ராம் நின்றுவிட்டது. கண்டக்டர் அதன் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ட்ராம் நகரவில்லை. அவர் தொப்பிதான் கீழே விழுந்தது. அதை ஓர் ஆடு தின்னப் பார்த்தது.’

வஹீத் மெல்லத் தலையைத் திருப்பினான். எழுத்துக் கூட்டிப் படித்தான். உதடு லேசாகக் கோணியது.

“தின்னுட்சா?”

“கஞ்சியைக் குடி. சொல்றேன்.”

அன்று பாதிக் கிண்ணம் காலியானது.

அதிலிருந்து தினமும் பள்ளிவாசலில் பிற்பகல் பாங்கு ஒலித்ததும் வஹீத் ஜன்னலைப் பார்ப்பான். குல்சும் சிலேட்டோடு நிற்பாள். ஆட்டுக் கதை முடிந்தது. எதிர்வீட்டுச் சேவல் கதை முடிந்தது. பிறகு கைவசமிருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. வெளியே போகாதவளுக்கு எங்கிருந்து கதை கிடைக்கும்?

ஒருநாள் பாங்கு ஒலித்தபோது சிலேட்டு வெறுமையாகவே இருந்தது. குல்சும் பலப்பத்தை உருட்டிக்கொண்டு நின்றாள். எழுதாவிட்டால் அவன் குடிக்க மாட்டானே!

“இன்னாக்கா, ஒண்ணும் இல்லையா?” அவன் குரல் கம்மியிருந்தது.

“இரு, இரு!”

அவசரமாக உட்கார்ந்தாள். என்ன எழுதுவது? கண்ணெதிரே ஜன்னல் விளிம்பில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதையே எழுதினாள்.

‘ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய பொரியை இழுத்து வருகிறது. ஜன்னலைத் தாண்டுமா, தெரியவில்லை.’

“எங்கே?” வஹீத் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். படுத்ததிலிருந்து அவன் தானாக எழுந்தது அன்றுதான். எறும்பு போன திசையையே பார்த்துக்கொண்டு அவன் கஞ்சியைக் குடித்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் மறுநாள் காய்ச்சல் ஏறிவிட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. அம்மா வெளியே வந்து, “இன்னிக்கு எழுத வேணாம்மா. கண்ணே தொறக்கல,” என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

குல்சும் பலப்பத்தைக் கீழே வைத்தாள். போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனாலும் பாங்கு ஒலித்ததும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. முற்றத்துத் துணிக்கொடியில் ஒரு சிட்டு ஊஞ்சலாடியதை எழுதினாள். மூடிய ஜன்னலுக்குக் கீழே சிலேட்டைச் சாய்த்து வைத்தாள்.

அடுத்த நாளும் ஜன்னல் திறக்கவில்லை. சிட்டை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சிலேட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை ஜன்னல் படாரென்று திறந்தது. அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். “காய்ச்சல் இறங்கிட்சு! கண்ணத் தொறந்ததும் சிலேட்டத்தான் கேக்குறான்!”

வஹீத் தலையணையில் சாய்ந்தபடி ஒரு பக்கத்தைப் படித்தான். குல்சும் சிலேட்டைத் திருப்பினாள். அவன் கண்கள் விரிந்தன.

“நான் தூங்கும்போதுகூட எழுதினியா?”

“ஆமாம்.”

“நாளைக்கு இன்னா எழுதப்போற?”

குல்சும் ஈரத்துணியால் சிலேட்டின் இரண்டு பக்கத்தையும் பளிச்சென்று துடைத்தாள்.

“யாருக்குத் தெரியும்? உக்காந்தாத்தான் வரும்!”